ஏரியை அறிந்த உன்னால் இணையத்தையும் ஆள முடியும்!

"நமக்கெல்லாம் எதுக்கு வெப்சைட்?"

தம்பி, தங்கையே, இந்தப் பேச்சை இன்றோடு நிறுத்து! பழவேற்காட்டு ஏரிக்கரையில் பிறந்தவர் வாயில் வரவே கூடாத பேச்சு இது.

உன் ஊர் எப்படிப்பட்ட ஊர் தெரியுமா? 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையின் துணி இங்கிருந்து கப்பலேறித் தென்கிழக்காசியத் துறைமுகங்களுக்குப் போனது. நானூறு ஆண்டுகளுக்கு முன்பே உலகச் சந்தை உன் வாசலில் வந்து நின்றிருக்கிறது. அது பழைய கதை என்கிறாயா? இந்தக் காலத்துக் கதையையும் கேள். உன் ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே நீண்டு கிடக்கிற ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்துதான் 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 கிளம்பியது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்தில் ரயில்வே தொழிலாளி ஒருவரின் மகன். பாலிடெக்னிக் டிப்ளமோவிலிருந்து படிப்படியாக மேலே வந்தவர். நிலவுக்குப் போகும் வழியே உன் ஊரை ஒட்டிப் போகும்போது, ஓர் இணையதளத்தைக் கண்டு நீ தயங்கலாமா?

உன் கதையை யார் சொல்வது?

போனை எடு. பழவேற்காடு என்று தேடிப் பார். பூநாரைகள் வரும். டச்சுக் கல்லறை வரும். வார இறுதியில் வந்து போனவர்கள் எடுத்த படங்கள் வரிசையாக வரும். எல்லாம் நல்லதுதான். ஆனால் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் கையால் துழாவித் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களின் வார்த்தை அங்கே எங்கே இருக்கிறது? எந்தக் குடும்பம் எந்த இடத்தில் என்றைக்கு வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் பாடு, உங்கள் முன்னோர் கண்ட மாபெரும் ஏற்பாடு. ஆராய்ச்சியாளர்கள் அதைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பாட்டில் நின்று வலை கட்டியவர்கள் தமிழில் எழுதிய பக்கம் எத்தனை?

உன் ஊரைப் பற்றி ஊரார் எல்லாரும் பேசுகிறார்கள். நீ மட்டும் பேசவில்லை. முகத்துவாரம் மணல் மூடினால் ஏரிக்குள் கடல்நீர் வராது, இறால் வராது, அடுப்பு எரியாது. இதை உன்னைவிட நன்றாகச் சொல்ல யாரால் முடியும்? அதனால் தளம் வேண்டுமா என்ற கேள்வியை இங்கேயே முடித்துவிடுவோம். வேண்டும்! எப்படிப்பட்ட தளம் என்பதுதான் இனி பேச்சு.

இருக்கிற இரண்டு வழிகள்

கேட்டவுடன் பயப்படுத்துகிற சொற்களாக இருக்கும். பயப்படாதே. இரண்டே வழிதான்.

முதல் வழி சி.எம்.எஸ். என்று கணினிக்காரர்கள் சொல்லும் உள்ளடக்க மேலாண்மை மென்பொருள். வேர்ட்பிரஸ், ட்ரூபல், ஜூம்லா என்று காதில் விழுந்திருக்குமே, அவைதான். பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே நுழைந்தால் எழுதுவதற்கு ஒரு பெட்டி இருக்கும். தட்டச்சு செய்து, படத்தைச் சேர்த்து, 'வெளியிடு' என்ற பொத்தானை அழுத்தினால் முடிந்தது. நீ எழுதியது ஒரு தரவுத்தளத்தில் போய் உட்காரும். யாராவது உன் தளத்தைத் திறக்கும்போது, சர்வரில் இருக்கும் நிரல் தரவுத்தளத்திலிருந்து எழுத்தை எடுத்து, பக்கமாகக் கோத்து அனுப்பும். 2003இல் பிறந்த வேர்ட்பிரஸ் இன்று உலகத் தளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேலானவற்றை இயக்குகிறது. இலவச மென்பொருள், தமிழிலும் கிடைக்கிறது.

இரண்டாவது வழி ஸ்டேட்டிக் தளம். பக்கத்தை முன்கூட்டியே முழுதாக எழுதி, ஹெச்.டி.எம்.எல். கோப்பாகச் சர்வரில் வைத்துவிடுவது. யார் கேட்டாலும் அந்தக் கோப்பு அப்படியே போகும். தரவுத்தளம் கிடையாது. உள்ளே நுழையும் பக்கம் கிடையாது. பழுதாவதற்கு அதில் அதிக உறுப்புகளே கிடையாது. 1991இல் டிம் பெர்னர்ஸ்-லீ உலகத்துக்குக் காட்டிய முதல் இணையதளம் இந்த வகைதான். கையாலேயே எழுதலாம். பக்கங்கள் பெருகினால், எளிய எழுத்துக் கோப்புகளை முழுத் தளமாக மாற்றித் தரும் ஜெக்கில், ஹியூகோ போன்ற கருவிகள் இலவசமாக இருக்கின்றன. கிட்ஹப் பேஜஸ் போன்ற சேவைகள் இத்தகைய தளத்தைக் காசு வாங்காமலே இணையத்தில் வைக்கின்றன.

இதில் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று வாதாடுகிறவர்கள் ஊரெங்கும் இருக்கிறார்கள். அந்த வாதத்தில் நீ மாட்டிக்கொள்ளாதே! இடுப்பளவு ஏரித் தண்ணீரில் வலை கட்டப் போகிறவர் பெரிய இன்ஜின் பூட்டிய ஃபைபர் படகைத் தேடுவதில்லை. முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குள் வெகுதூரம் போகிறவர் துடுப்புப் படகை நம்பி இறங்குவதில்லை. எந்தத் தண்ணீர், எத்தனை ஆள், எவ்வளவு நேரம், திரும்பிவர எவ்வளவு டீசல் என்று கணக்குப் போட்டுப் படகைத் தேர்ந்தெடுக்கும் அறிவு உன் வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. தளத்தைத் தேர்ந்தெடுக்கவும் அதே அறிவு போதும். அது உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது!

எளிமை தோற்காது

எளிய தளம் என்றால் ஏழைத் தளம் என்று நினைக்கிறாயா? மதுரைத் திட்டத்தைப் பார்!

1998 பொங்கல் நாளில் அது தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்றார். தமிழ் இலக்கியத்தை இணையத்தில் ஏற்றி, உலகில் எவரும் இலவசமாகப் படிக்கும்படி செய்வது என்ற ஒரே நோக்கம். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு உட்கார்ந்து தட்டச்சு செய்தார்கள், பிழை திருத்தினார்கள். யாரும் சம்பளம் கேட்கவில்லை.

அந்தத் தளத்தில் என்ன அலங்காரம் இருந்தது? ஒன்றும் இல்லை. எளிய பக்கங்கள், ஒரு பட்டியல், கீழே நூலின் எழுத்து. அவ்வளவுதான். நடுவில் தமிழ் எழுத்துக் குறியீட்டு முறையே மாறியது. டிஸ்கி போய் யூனிகோடு வந்தது. கோப்புகளை மாற்றி மறுபடி ஏற்றினார்கள். கோப்பு எளிமையாக இருந்ததால் மாற்றுவதும் எளிதாக இருந்தது. எத்தனையோ பளபளப்பான தளங்கள் வந்து மறைந்துவிட்டன. மதுரைத் திட்டம் கால் நூற்றாண்டைக் கடந்தும் நூற்றுக்கணக்கான நூல்களோடு நிற்கிறது.

தங்கையே, இதில் உனக்கு ஒரு பாடம் இருக்கிறது. அவர்கள் ஏற்றியவை பெரும்பாலும் மாறாத எழுத்துகள். சங்க நூல் நாளைக்கு மாறப் போவதில்லை. மாறாத பொருளுக்கு மாறாத பக்கம் போதும் என்று சரியாகத் தேர்ந்தெடுத்தார்கள். பொருளைப் பார்த்துக் கருவியை எடுத்தவர்கள் அவர்கள். அதனால் நிலைத்தார்கள்!

பல கை சேர்ந்தால்?

இப்போது கடலுக்கு அந்தப் பக்கம் பார்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. ஓர் இனத்தின் நினைவையே கொளுத்திவிடலாம் என்று நினைத்தார்கள். நடந்ததா? 2005இல் அந்த மண்ணின் இளைஞர்கள் நூலகம் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஈழத்துத் தமிழரின் நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், நினைவு மலர்கள் என்று கிடைத்ததையெல்லாம் படியெடுத்து இணையத்தில் சேர்த்தார்கள். இன்று பல்லாயிரக்கணக்கான ஆவணங்கள் அங்கே இருக்கின்றன. தீயால் தொட முடியாத நூலகம் அது!

அவர்கள் எந்தக் கருவியை எடுத்தார்கள் தெரியுமா? விக்கிப்பீடியாவை இயக்குகிற மீடியாவிக்கி மென்பொருளை. ஒவ்வொரு ஆவணத்துக்கும் எழுதியவர் யார், எந்த ஆண்டு, எந்தப் பதிப்பகம், என்ன வகை என்று தனித்தனித் தகவல் வேண்டும். ஒருவர் ஓர் ஊரிலிருந்து சேர்ப்பார், இன்னொருவர் வேறு நாட்டிலிருந்து திருத்துவார். யார் எதை எப்போது மாற்றினார் என்ற பதிவும் வேண்டும். தரவுத்தளம் இல்லாமல் இந்த வேலை நடக்காது. பல கை எழுதும் இடத்தில், நாள்தோறும் வளரும் இடத்தில், அவர்கள் பெரிய கருவியைத் துணிந்து எடுத்தார்கள். எடுத்ததோடு விடவில்லை, அதைப் பராமரிக்க ஒரு நிறுவனத்தையும் ஆட்களையும் உருவாக்கினார்கள்.

மதுரைத் திட்டமும் வென்றது. நூலகமும் வென்றது. இரண்டின் கருவியும் வேறு. ஆனால் தங்களுக்கு என்ன வேண்டும் என்று இருவருமே தெளிவாக அறிந்திருந்தார்கள். அந்தத் தெளிவு உனக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கரையில் ஒலித்த செய்தி

கற்றவர்கள், வெளிநாட்டில் இருந்தவர்கள் செய்தார்கள், மீனவக் குப்பத்தில் நடக்குமா என்று கேட்கிறாயா? நடந்திருக்கிறது தம்பி! அதுவும் 1998இலேயே.

புதுச்சேரிக் கிராமங்களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவ ஊருக்கு என்ன தகவல் வேண்டும்? நாளைக்குக் கடல் எப்படி இருக்கும் என்பதுதான். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அலை உயரம் பற்றிய முன்னறிவிப்பு வெளியாகிக்கொண்டிருந்தது. அதை இறக்கி, தமிழாக்கி, ஊரில் ஒலிபெருக்கி வைத்து அறிவித்தார்கள். இணையத்தையே பார்த்திராதவர்கள் கரையில் வலை பின்னிக்கொண்டே அந்தச் செய்தியைக் கேட்டார்கள். மையங்களை நடத்தியவர்கள் உள்ளூர் ஆண்களும் பெண்களும். 2004 டிசம்பர் 26 அன்று அதே புதுச்சேரிக் கரையின் நல்லவாடு ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் வந்தது, அலை வரப்போகிறது என்று. தகவல் மையத்தின் ஒலிபெருக்கி முழங்கியது. மக்கள் ஓடினார்கள். உயிர்கள் பிழைத்தன.

அவர்கள் கையில் இருந்த கருவி உயர்ந்ததா? ஒரு கணினி, ஒரு போன், ஒரு ஒலிபெருக்கி. ஆனால் செய்திக்குப் பொறுப்பாக உள்ளூர் ஆள் ஒருவர் இருந்தார். அவருக்கு அறிவிக்கும் உரிமை இருந்தது. கருவியைத் தேடும் முன்னே பொறுப்பாளரைத் தேடு! பொறுப்பாளர் இல்லாத தளம், எவ்வளவு செலவு செய்தாலும், ஆறே மாதத்தில் பழைய தேதியோடு செத்துக் கிடக்கும். பொறுப்பாளர் உள்ள தளம், நாலே பக்கமாக இருந்தாலும், ஊருக்கு உதவும்.

நான்கு கேள்வி கேள், முடிவெடு!

யாரிடமும் கைகட்டி நிற்காதே. ஒரு நோட்டை எடுத்து உட்கார். நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுது.

முதல் கேள்வி: என் தளத்தில் எது மாறும், எத்தனை நாளுக்கு ஒரு முறை மாறும்? வருஷத்துக்கு நாலைந்து தடவைதான் மாறும் என்றால் ஸ்டேட்டிக் தளம். வாரம் இரண்டு மூன்று முறை புதிதாக எழுதப் போகிறாய் என்றால் சி.எம்.எஸ். பக்கம் யோசி.

இரண்டாம் கேள்வி: எத்தனை பேர் எழுதுவார்கள்? ஒருவர், இருவர் என்றால் எளிய வழி. கணினி நுணுக்கம் தெரியாத ஏழெட்டுப் பேர் போனிலிருந்தே எழுத வேண்டும் என்றால் சி.எம்.எஸ்.

மூன்றாம் கேள்வி: யார் பார்த்துக்கொள்வார்? சி.எம்.எஸ். வைத்தால் மென்பொருளுக்கு, தோற்றம் தரும் தீமுக்கு, கூடுதல் வசதி தரும் ஒவ்வொரு பிளக்கினுக்கும் அப்டேட் வரும். போட்டே ஆக வேண்டும். பேக்கப் எடுக்க வேண்டும். இதைச் செய்ய ஆள் இருக்கிறதா? இல்லை என்றால் எளிய தளம்தான் உனக்குப் பாதுகாப்பு.

நான்காம் கேள்வி: பார்க்க வருபவர் கையில் என்ன இருக்கும்? உன் குப்பத்துக்காரர் சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில், சாதாரண போனில் பார்ப்பார். கனமான படமும் ஆடும் எழுத்தும் நிறைந்த பக்கம் அங்கே திறக்காது. எந்த வழியை எடுத்தாலும் பக்கத்தை இலேசாக வை.

இப்போது உன் ஊருக்கே பொருத்திப் பார்ப்போம்.

பழவேற்காட்டில் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைகிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் குழுவுக்கு ஒரு தளம் என்றால் என்ன வேண்டும்? பொருளின் படம், அளவு, விலை, முடையும் முறை, ஆர்டர் கொடுக்கும் வழி. மாதக்கணக்கில் மாறாத விஷயம். ஸ்டேட்டிக் தளமே போதும். தொட்டால் வாட்ஸ்அப் திறக்கும்படி ஓர் இணைப்பு, யு.பி.ஐ.யில் பணம் வாங்கும் வசதி. கடை தயார்! யாருக்கும் மாத வாடகை கிடையாது.

அன்றன்றைக்குக் கரைக்கு வரும் இறால், நண்டு, மடவை விலையைச் சொல்ல வேண்டுமா? அதற்குத் தளமே வேண்டாம். காலை ஏலத்தில் போன சரக்கின் விலையைத் தளத்தில் போட்டு முடிப்பதற்குள் சரக்கு சென்னை போய்விடும். வாட்ஸ்அப் குழுவில் சொல். தளத்தில் உன் அறிமுகத்தையும் தொடர்புக்கான வழியையும் வை. தேவையில்லாத இடத்தில் தொழில்நுட்பத்தை ஒதுக்கவும் துணிவு வேண்டும்!

ஊரின் நினைவைச் சேர்க்கப் போகிறாயா? பெரியவர்கள் சொல்லும் பாடு முறை, பழைய படங்கள், கொடுத்த மனுக்கள், வந்த அரசாணைகள், மறைந்துபோன மீன்களின் பெயர்கள். இதை இன்றே ஸ்டேட்டிக் பக்கமாகத் தொடங்கு. நாளைக்கு அக்கம்பக்கத்துக் குப்பங்களும் சேர்ந்து, பத்துப் பேர் எழுத வந்தால், அப்போது சி.எம்.எஸ்.ஸுக்கு மாறு. ஒழுங்காக எழுதி வைத்த எழுத்து எங்கும் போகும். மாறுவது தோல்வி கிடையாது, வளர்ச்சிக்கு அடையாளம்.

பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் குப்பத்துப் பிள்ளைகள் ஒன்று சேர்ந்து, கடலும் ஏரியும் பற்றி வாராவாரம் எழுதும் ஓர் இதழ் தொடங்கினால்? அதற்கு வேர்ட்பிரஸ் சரியான துணை. ஒருவர் எழுத, ஒருவர் திருத்த, ஒருவர் வெளியிட என்று பொறுப்பைப் பிரித்துக் கொடுக்க அதில் வழி இருக்கிறது. அப்டேட் போடும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

சாவி உன் கையில் இருக்கட்டும்

இதை மட்டும் நெஞ்சில் எழுதிக்கொள். தளம் எந்த வகையானாலும் சரி, அதன் சாவி வேறொருவர் கையில் இருந்தால் அது உன் தளம் ஆகாது!

2014 அக்டோபர் 15 அன்று ட்ரூபல் மென்பொருளில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதாக அறிவித்து, அதை அடைக்கும் அப்டேட்டையும் கொடுத்தார்கள். சில மணி நேரத்திலேயே தாக்குதல் தொடங்கிவிட்டது. ஏழு மணி நேரத்துக்குள் அப்டேட் போடாத தளங்கள் ஏற்கெனவே பிறர் கைக்குப் போய்விட்டதாகவே எண்ணிக்கொள்ளுங்கள் என்று ட்ரூபல் பாதுகாப்புக் குழுவே பின்னர் எச்சரித்தது. சி.எம்.எஸ். வைத்திருப்பவருக்கு விழிப்பு எவ்வளவு தேவை என்பதற்கு இந்த ஒன்று போதும். விழித்திருக்க ஆள் உண்டு என்றால் தயங்காமல் எடு. ஆள் இல்லை என்றால் எடுக்காதே.

எளிய பக்கம் வைத்தவர்களும் இழந்திருக்கிறார்கள். ஜியோசிட்டீஸ் என்று ஓர் இலவச இடம் இருந்தது. உலகெங்கும் லட்சக்கணக்கானோர் அங்கே பக்கம் வைத்திருந்தார்கள். ஆரம்ப காலத்துத் தமிழ்ப் பக்கங்களும் அங்கே இருந்தன. 2009இல் யாஹூ நிறுவனம் அதை மூடியது. தன் கணினியில் பிரதி வைத்திருந்தவர் வேறிடத்தில் ஏற்றிக்கொண்டார். வைக்காதவர் உழைப்பு காற்றில் போனது.

ஆகவே கேட்டுக்கொள். தளத்தின் முகவரியான டொமைன் பெயரை உன் பெயரிலோ உன் குழுவின் பெயரிலோ நீயே பதிவு செய். ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் சொச்சம்தான் ஆகும். பதிவில் இருக்கும் மின்னஞ்சலும் போன் எண்ணும் உங்களுடையதாக இருக்கட்டும். தளத்தை வேறொருவர் செய்து கொடுத்தால் டொமைன் கணக்கு, தளத்துக்கு இடம் தரும் ஹோஸ்டிங் கணக்கு, பாஸ்வேர்டுகள், முழு பேக்கப் ஆகிய நான்கையும் கையில் வாங்கிக்கொண்டு மிச்சப் பணத்தைக் கொடு. அதைக் கேட்க வெட்கப்படாதே. படகு வாங்கினால் ஆர்.சி. கேட்காமலா பணம் கொடுப்பாய்? மாதம் ஒரு முறை தளத்தின் பிரதியை ஒரு பென்டிரைவில் எடுத்து வை. தளத்தின் பாஸ்வேர்டுகள் உன்னிடம் மட்டும் இல்லாமல் குழுவில் இன்னொரு நம்பிக்கையான ஆளிடமும் இருக்கட்டும். நீ கடலுக்குப் போயிருக்கும் நாளிலும் தளம் நிற்க வேண்டும்!

'எனக்குத் தெரியாதே' என்று சொல்லாதே

கோடிங் தெரியாதா? வாடை, கொண்டல், ஈரான் என்று காற்றைப் பெயர் சொல்லிப் பிரிக்கிறாய். வன்னி, தெண்டி என்று நீரோட்டத்தைப் பார்த்தவுடன் சொல்கிறாய். தண்ணீரின் நிறத்தைப் பார்த்து மீன் எங்கே என்று கைகாட்டுகிறாய். இத்தனையையும் புத்தகம் இல்லாமல் கற்ற மூளைக்கு, ஒரு எளிய பக்கத்துக்குத் தேவையான பத்துப் பதினைந்து ஹெச்.டி.எம்.எல். குறிகள் எந்த மூலைக்கு? தலைப்புக்கு ஒரு குறி, பத்திக்கு ஒரு குறி, படத்துக்கு ஒன்று, இணைப்புக்கு ஒன்று. எழுதிப் பார், தப்பு வந்தால் திருத்து, மறுபடி பார். வலையில் கண்ணி அறுந்தால் வலையைத் தூக்கி எறிந்துவிடுகிறாயா? உட்கார்ந்து பின்னுகிறாய். அதே பொறுமை இங்கேயும் செல்லும்.

இங்கிலீஷ் வராதா? வராவிட்டால் என்ன! உன் தளம் தமிழில்தானே இருக்கப் போகிறது. கற்பதற்கும் தமிழில் வழி உண்டு. 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழும் அதன் அறக்கட்டளையும் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே பாடங்களும் மின்னூல்களும் வெளியிட்டு இலவசமாகக் கொடுக்கின்றன. படி. புரியாத இடத்தில் கேள். கேட்பவர் தாழ்ந்தவர் ஆவதில்லை. கேட்காமல் உட்கார்ந்திருப்பவர்தான் இருந்த இடத்திலேயே இருக்கிறார்.

காசு இல்லையா? ஸ்டேட்டிக் தளத்தை இலவசமாக வைக்கலாம் என்று மேலே சொன்னேன். டொமைன் காசையும் குழுவில் பத்துப் பேர் பங்கு போட்டால் ஒரு சினிமா டிக்கெட் விலை வராது. கணினி இல்லையா? போனிலேயே எழுதித் தொடங்கு. கல்லூரிக் கணினியில் முடி. வழி தேடுகிறவருக்குத் தடை ஒரு வேலை. வழி தேடாதவருக்கு அதுவே சாக்கு. நீ எந்தப் பக்கம் என்று நீயே முடிவு செய்!

இன்னும் ஒன்று சொல்கிறேன். தொடங்கும் முன்பே எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று காத்திருக்காதே. எந்தத் தீம் அழகு, எந்த ஹோஸ்டிங் வேகம் என்று மாதக்கணக்கில் அலசி அலசியே ஓய்ந்துபோனவர்கள் ஏராளம். முதலில் எழுது! உன் பொருளைப் பற்றி ஒரு பக்கம், உன் ஊரைப் பற்றி ஒரு பக்கம், உன்னைத் தொடர்புகொள்ள ஒரு பக்கம். இந்த மூன்றையும் நோட்டில் தமிழில் எழுதி முடித்தவருக்குத் தளம் பாதி தயார். எழுதாதவருக்கு எந்த மென்பொருளும் உதவாது. உலகின் மிகச் சிறந்த சி.எம்.எஸ்.ஸும் நீ எழுதாத ஒரு வரியை உனக்காக உண்மையாக எழுதிவிடாது.

எழுந்து நில்!

இந்த வாரம் முடிவதற்குள் உன் குப்பத்தில் நாலு பேரைக் கூட்டு. ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காருங்கள். நான்கு கேள்விக்கும் பதில் எழுதுங்கள். பொறுப்பாளர் ஒருவரை, அவருக்குத் துணையாக இன்னொருவரைப் பெயர் சொல்லி அறிவியுங்கள். மூன்று பக்கத்தையும் எழுதுங்கள். பெரியவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டி, தப்பைத் திருத்துங்கள். பெண்களின் போன் எண், ஆதார் எண் போன்ற சொந்த விவரங்கள் எதையும் அனுமதியில்லாமல் பொதுவில் போடாதீர்கள். அடுத்த வாரம் டொமைன். அதற்கடுத்த வாரம் தளம் உலகுக்கு முன்னால்!

அதைப் பார்த்து ஒருவர் சிரிப்பார், சிரிக்கட்டும். ஒருவர் குறை சொல்வார். சொல்வதில் உண்மை இருந்தால் திருத்திக்கொள். மூன்றாமவர் ஒருவர் வருவார், "எங்க குப்பத்துக்கும் சொல்லிக்கொடேன்" என்று. அவருக்காகத்தான் நீ இன்றைக்குக் கற்க வேண்டும். நீ கற்றால் நடுவூர் மாதாகுப்பம் கற்கும், லைட்ஹவுஸ் குப்பம் கற்கும், கோட்டைக்குப்பம் கற்கும். ஒரு கரையே தன் கதையைத் தன் சொல்லில் எழுதத் தொடங்கும். தன் பொருளுக்குத் தானே விலை சொல்லும். தன் ஏரிக்கு ஆபத்து வரும்போது, ஆதாரத்தோடு, தேதியோடு, படத்தோடு எடுத்து வைக்கும். அப்படி எழுதி வைத்திருக்கிற ஊரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது!

சி.எம்.எஸ்.ஸா ஸ்டேட்டிக் தளமா என்பதை நீயே முடிவு செய்யலாம். அதற்கு வேண்டிய கணக்கு உன் கையில் இருக்கிறது, கற்கும் திறன் உன் மூளையில் இருக்கிறது, சொல்ல வேண்டிய செய்தி உன் ஊரில் குவிந்து கிடக்கிறது. இனி யார் அனுமதிக்காகக் காத்திருக்கிறாய்? நோட்டை எடு, பேனாவை எடு. முதல் வரியில் உன் ஊர்ப் பெயரைத் தமிழில் பெரிதாக எழுது. அதற்குக் கீழே, உன்னைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாததை எழுது. தொடங்கு!